அமத்திப் போட்ட விமானம்

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டரை முதலில் வாங்கியது யார் என்று கேட்டால் நாலு பேர் கையைத் தூக்குவார்கள். அதை முதலில் கெட்ட வார்த்தையில் திட்டியது யார் என்று கேட்டால் எல்லோரும் சங்கரசுப்பிரமணியனைத்தான் காட்டுவார்கள்.

ரத வீதியிலிருந்து பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவருடைய கடை. பலகையில் 'ராஜகுமாரி கம்ப்யூட்டர்ஸ்' என்றிருக்கும். ராஜகுமாரி அவர் மனைவி. கல்யாணமான புதிதில் ஆசையாக வைத்த பெயர். அதன்பிறகு கடையில் எது பழுதானாலும், "ராஜகுமாரி படுத்துட்டா", "ராஜகுமாரிக்குக் கரண்டு ஏறல" என்று தெருவே பேச ஆரம்பித்துவிட்டதால், பெயரை மாற்றச் சொல்லி அந்த அம்மாள் அன்றையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். இவரும் மாற்றுகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வருமானச் சான்று, பட்டா, தேர்வு முடிவு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று, ஊரில் ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து போய்ச்சேருகிறவரை அவர் பிரிண்டருக்குள் புகுந்துதான் வெளியே வந்தாகவேண்டும். மீதி நேரத்தில் ரிப்பேர் வேலை. மதர்போர்டின் மேல் பல்லி கருகிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை ஓடி, செவ்வாய்க்கிழமை படுத்து, புதன்கிழமை யாரும் தொடாமலே எழுந்து உட்கார்ந்த மெஷின்களையும் பார்த்திருக்கிறார். எந்த நோய்க்கும் அவருடைய முதல் வைத்தியம் ஒன்றே ஒன்று: "அமத்திப் போடு." அணைத்துவிட்டு மறுபடி போட்டால் முக்கால்வாசி பிழைத்துக்கொள்ளும். ஏன் பிழைத்தது என்று அவருக்கே தெரியாது. "தெரிஞ்ச மாதிரி மூஞ்சிய வச்சுக்கிடணும் வே. அதுக்குப் பேருதான் சர்வீஸ்" என்பார்.

கம்ப்யூட்டர் மீது அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போனது ஜாதக விவகாரத்தில். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் ஜாதகத்துக்கு ஊரில் பெரிய கிராக்கி. ஜோசியர் கையால் எழுதினால் சந்தேகப்பட்டவர்கள்கூட, அதே சமாச்சாரம் மெஷினிலிருந்து கலரில் வந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ராயகிரியிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு இவர் ஜாதகம் அடித்துக் கொடுத்தார். மெஷின் அமெரிக்காக்காரன் வழக்கப்படி மாதத்தை முன்னாலும் தேதியைப் பின்னாலும் எடுத்துக்கொண்டுவிட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி பிறந்த பையன் ஜூலை நாலாம் தேதி பிறந்தவனாகி, நட்சத்திரம் மாறி, ராசி மாறி, பெண்ணோடு பத்துக்குப் பத்து பொருந்திவிட்டான். கல்யாணமும் நடந்தது. குழந்தைக்கு ஜாதகம் எழுத வந்த அன்றுதான் குட்டு உடைந்தது. மாமியார்க்காரி கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றப் போனாள். இடுப்பில் பிள்ளையோடு நின்ற மருமகள்தான் தடுத்தாள்.

"சரியான ஜாதகத்தப் பாத்திருந்தா இவுகள எனக்குக் கட்டி வச்சிருக்க மாட்டீகல்லா அத்தை? இது இப்படியே இருக்கட்டும். அண்ணாச்சி, பிள்ளைக்கு மட்டும் தேதியப் பாத்துப் போடுங்க."

அன்றிலிருந்து சங்கரசுப்பிரமணியனுக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. கம்ப்யூட்டர் தப்பு செய்யும். ஆனால் மனிதன் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு செய்யாது. கொட்டை எழுத்தில், பார்டர் கட்டி, பிள்ளையார் படம் போட்டுச் செய்யும்.

இப்படிப்பட்டவரிடம் போய், விமானத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது என்று பக்கத்துக் கடை மைதீன் பாட்சா ஒருநாள் வாயை விட்டுவிட்டார். மைதீன் பாட்சாவுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். சவூதியில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்து, இங்கே செல்போன் கவரும் சார்ஜரும் விற்றுக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏறியதும் வாயைப் பிளந்து தூங்கி, இறங்கும்போது எழுந்திருக்கிற ஜாதி.

"கம்பி கிடையாது, செயின் கிடையாது. பைலட்டு கையால குச்சிய அசைப்பான். அத கம்ப்யூட்டர் படிச்சுப் பாத்து, 'சரி, இவன் வலப்பக்கம் போகச் சொல்லுதான்'னு ரெக்கைக்குத் தகவல் அனுப்பும். அம்புட்டுதான்" என்றார் பாட்சா.

"சரியில்லன்னு அதுக்குத் தோணிச்சுன்னா?"

"அனுப்பாது."

சங்கரசுப்பிரமணியன் தன் கடைப் பக்கம் கையைக் காட்டினார். "பாய், என் கடையில அது பிரிண்டரையே ஒழுங்காக் கண்டுபிடிக்க மாட்டேங்கு. பக்கத்துலதான் இருக்கு பிரிண்டரு. வயரு வேற மாட்டியிருக்கு. 'காணோம், காணோம்'ங்கு. அதுவா ரெக்கையக் கண்டுபிடிக்கும்? ஆகாசத்துல நின்னுபோனா அமத்திப் போட முடியுமா வே?"

அதிலிருந்து விமானத்தைப் பற்றிப் பயங்காட்டுவது அவருக்கு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் டிக்கெட் பிரிண்ட் எடுக்க அவரிடம்தான் வருவார்கள். காகிதத்தைக் கையில் கொடுக்கும்போது, "ஓட்டுறது மனுசன் இல்ல, தெரியும்லா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுப்பார். பனவடலிசத்திரத்திலிருந்து மகனை வழியனுப்ப வந்த சீனியம்மாள் என்ற ஒரு தாயார், கடையிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டாள். பாட்சா ஓடி வந்து, டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றி அனுப்பினார்.

"நீரு டிக்கெட்டு அடிக்கேரா, மௌத்துக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கேரா?" என்று அன்று பாட்சா கேட்ட கேள்விக்குத் தெருவே சிரித்தது.

சங்கரசுப்பிரமணியனின் ஒரே மகள் கோகிலா. பொறியியல் படித்துப் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். சாப்ட்வேர் கம்பெனி என்ற அளவோடு இவரும் நிறுத்திக்கொண்டார். பொங்கலுக்கு வந்தபோதுதான், அது என்ன சாப்ட்வேர் என்று ராஜகுமாரி கேட்டாள்.

"ஏரோப்ளேன்ல ஓடுற புரோகிராம்மா. நான் எழுதல. எழுதினதச் சோதிச்சுப் பாக்குறது என் வேலை."

சங்கரசுப்பிரமணியன் வாயில் வைத்த கரும்பை வெளியே எடுத்தார். நேற்றுக் காலையில்தான் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு செல்போனில் மூழ்கி, பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம் அடித்திருந்தது.

"ஏட்டி, நீயா? ஏரோப்ளேனா?"

"நான்தான்ப்பா."

"முருகா" என்றார்.

சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார். சில வருடங்களுக்கு முன்னால் ஒரே ரகத்தைச் சேர்ந்த இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து விழுந்ததை அவர் மறக்கவில்லை. பேப்பரில் வந்த ஒவ்வொரு வரியையும் படித்திருந்தார்.

"மூக்கு எம்புட்டு ஏறியிருக்குன்னு அளக்குற ஒரு சென்சாரு தப்பாச் சொல்லுச்சு. இந்தக் கூறுகெட்ட கம்ப்யூட்டர் அத நம்பி மூக்கக் கீழ அமுக்கிட்டே இருந்திருக்கு. பைலட்டு மேல இழுக்கான், இது கீழ அமுக்குது. உண்டா இல்லையா?"

கோகிலா மழுப்புவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மழுப்பவில்லை. "உண்டுப்பா. அத்தன பேரும் அநியாயமாச் செத்தாங்க. ஒரே ஒரு சென்சாரோட பேச்ச நம்பி அப்படி ஒரு புரோகிராம ஓடவிட்டிருக்கக் கூடாது. சந்தேகப்பட வேண்டியவங்க சந்தேகப்படல. பெறகு அந்த ரகத்தையே உலகம் முழுக்க நிறுத்திவச்சு மாத்தினாங்க."

"பாத்தியா!"

"முழுசாக் கேளுங்க. உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லல்ல? என் கம்பெனிக்கும் கிடையாது. நான் சோதிச்சத இன்னொருத்தி சோதிப்பா. அவளுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. என்கிட்ட குத்தம் கண்டுபிடிச்சா அவளுக்கு அன்னைக்குப் பாயசம். அவ பாத்தத வெளியாளு ஒருத்தர் வந்து பாப்பாரு. விமானத்துலயும் அப்படித்தான். ஒரு கம்ப்யூட்டர் இல்ல, நாலஞ்சு இருக்கும். வேற வேற ஆளு எழுதினது, வேற வேற சிப்பு. ஒண்ணு உளறினா மத்தது அத ஒதுக்கிவச்சிரும். உங்கள மாதிரி சந்தேகப் பிராணிங்க ஊரு பூரா சேந்து கட்டின வண்டிப்பா அது."

"இருந்தாலும்..."

"ஹெல்மெட் இல்லாம, காதுக்கும் தோளுக்கும் நடுவுல போன இடுக்கிக்கிட்டு திருநெல்வேலி வரைக்கும் பைக்ல போறீங்க. அதுல வராத பயம் இதுல எங்க இருந்து வருது?"

"பைக்க நான்லா ஓட்டுதேன்" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

"அதத்தான் அவளும் சொல்லுதா" என்றாள் ராஜகுமாரி.

இந்தப் பேச்சோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கோகிலா தன்னோடு வேலை பார்க்கிற ஒரு அசாம் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வீட்டில் ஒரு மாதம் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு பையன் ஒருமுறை நேரில் வந்தான். ரத வீதியில் பிரியாணி சாப்பிட்டான், கோமதி அம்மன் சந்நிதியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான், கடையில் கெட்டுப்போய்க் கிடந்த பிரிண்டரைச் சரிசெய்து கொடுத்தான். பிரிண்டர் ஓடியதும் சங்கரசுப்பிரமணியனின் எதிர்ப்பும் ஓடிவிட்டது. கல்யாணம் ஆனி மாதம், குவாஹாட்டியில் என்று முடிவாயிற்று.

குவாஹாட்டிக்கு விமானம் உண்டு என்றார்கள். ரயிலும் உண்டு என்றார் இவர். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே புளியோதரை, முறுக்கு, போர்வை சகிதமாக ராஜகுமாரியையும் துணைக்கு மைதீன் பாட்சாவையும் இழுத்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினார். சென்னையில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய் வடக்கே போகும் ரயிலுக்காகப் போர்டைப் பார்த்தபோது, அந்த வண்டிக்கு நேராக 'ரத்து' என்றிருந்தது. அசாமில் பேய்மழை. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டதாம். எப்போது சரியாகும் என்று விசாரணை ஜன்னலில் கேட்டதற்கு, உள்ளேயிருந்தவர் கையை விரித்து மேலே காட்டினார்.

பிளாட்பாரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூன்று பேரும் புளியோதரை தின்றார்கள். இரண்டு நாள் காத்திருந்தும் பார்த்தார்கள். வண்டி வருகிற வழியாக இல்லை. ராஜகுமாரி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் பாய் கூட பிளேன்ல போறேன். கன்னிகாதானத்துக்கு அப்பா எங்கன்னு கேட்டா, சென்ட்ரல்ல முறுக்கு தின்னுக்கிட்டு இருக்காகன்னு சொல்லிக்கிடுதேன்."

சங்கரசுப்பிரமணியன் எழுந்து பின்னாலேயே போனார்.

விமானத்துக்குள் ஜன்னலோரம் ராஜகுமாரி, நடுவில் இவர், அந்தப் பக்கம் பாட்சா. பாட்சா பெல்ட்டைப் போட்டதும் கண்ணை மூடிவிட்டார். இவர் முன்சீட்டுப் பையிலிருந்த அட்டையை எடுத்து, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்ற படத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். கதவு இன்னும் சாத்தவில்லை. அப்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் கேட்டது. முதலில் இங்கிலீஷ், பிறகு இந்தி, பிறகு அவருடைய போதாத காலத்துக்குத் தமிழ்.

"வணக்கம். நான் உங்க கேப்டன் பேசுறேன். நம்ம விமானத்தோட ஒரு கம்ப்யூட்டர்ல சின்னப் பிரச்சினை காட்டுது. பொறியாளர் வந்திருக்காங்க. பவரை நிறுத்திட்டு மறுபடியும் போடப் போறோம். கொஞ்ச நேரம் விளக்கெல்லாம் அணைஞ்சிருக்கும். பயப்பட வேண்டாம்."

விளக்கெல்லாம் அணைந்தது. ஏசி சத்தம் நின்றது. அந்த இருட்டில் சங்கரசுப்பிரமணியனின் குரல் மட்டும் கேட்டது.

"அமத்திப் போடுதானுவ! யாத்தீ, அமத்திப் போடுதானுவ!"

பாட்சா திடுக்கிட்டு விழித்தார். "என்ன வே, எறங்கியாச்சா?"

"நம்ம கடை வைத்தியத்தச் செய்யுதானுவ பாய்! ஏன் பிழைச்சுதுன்னு எனக்கே தெரியாத வைத்தியம்! நான் எறங்குதேன். வழி விடும்."

விளக்கு வந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணிப்பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு ஓடிவந்து உட்காரச் சொன்னாள். ராஜகுமாரி மகளுக்குப் போன் போட்டு அவர் காதில் வைத்தாள்.

"ஏட்டி கோகிலா, கம்ப்யூட்டரு படுத்துட்டுன்னு கேப்டனம்மாவே சொல்லுதா. அமத்திப் போட்டுட்டு, சரியாயிட்டுங்காங்க. நான் வரல."

"பிளேன் எங்க நிக்குதுப்பா?"

"தரையிலதான்."

"தரையில நிக்கும்போதே 'எனக்கு ஒடம்பு சரியில்ல, என்னப் பாருங்க'ன்னு சொல்லுற கம்ப்யூட்டர் நம்ம கடையில ஒண்ணாவது உண்டா?"

அவர் யோசித்தார். கடையில் இருந்த அத்தனை மெஷின்களும் கண் முன்னால் வந்துபோயின. ஒன்றுகூட முன்கூட்டிச் சொன்னது கிடையாது. வாடிக்கையாளர் பத்திரிகை மேட்டரை முழுதும் அடித்து முடித்து, சேவ் பண்ணப் போகிற அந்த நேரத்தில்தான் மண்டையைப் போடும்.

"அது புதுசா எந்திரிக்கும்போது எல்லாத்தையும் முதல்ல இருந்து சோதிக்கும். ஒண்ணு ஒத்துவரலன்னாலும் கேப்டனுக்குச் சொல்லும். அந்தம்மா வண்டிய எடுக்க மாட்டாங்க. அவங்களும் அதே வண்டியிலதான்ப்பா வராங்க. அவங்களுக்கு மட்டும் என்ன சாகணும்னு வேண்டுதலா?"

"அப்படியில்ல மக்கா, இருந்தாலும்..."

அவர் அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். பிற்காலத்தில், மகள் சொன்ன நியாயத்தைக் கேட்டுத்தான் உட்கார்ந்ததாக அவர் சொல்லிக்கொண்டார். சாத்தின கதவை யாராலும் திறக்க முடியாது என்பதால்தான் உட்கார்ந்தார் என்று பாட்சா சொல்லிக்கொண்டார். இரண்டும் உண்மைதான்.

விமானம் ஓடி, மேலே கிளம்பியபோது அவர் பாட்சாவின் தொடையைப் பிடித்திருந்த பிடியில் பாட்சாவுக்குத் தூக்கம் போனதே போனது. இறக்கையில் ஏதோ தகடு தானாக உள்ளே போனது. "யாரும் தொடலியே, அது ஏன் போவுது?" என்றார். கொஞ்ச நேரத்தில் மேகத்துக்குள் புகுந்து விமானம் குலுங்கியது. குருவிகுளம் ரோட்டில் டவுன் பஸ் போகிற மாதிரிதான் இருக்கிறது என்று ராஜகுமாரி சொல்லிவிட்டு, அவருக்கு வந்த உப்புமாவையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவர் வாய்க்குள் சங்கரநாராயணரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கூப்பிட்டபடியே ஜன்னலை எட்டிப் பார்த்தவருக்கு, கீழே மேகத்தின் மேல் வெயில் விழுந்துகிடந்தது தெரிந்தது. பஞ்சு வெடித்த கரிசல் காட்டை யாரோ முடிவே இல்லாமல் விரித்துப் போட்டது போலிருந்தது. சாமி பெயர் பாதியில் நின்றுவிட்டது. "ஏ, இந்தா பாரு" என்று ராஜகுமாரியைத் தொட்டார். அவள் எப்போதோ பார்த்து முடித்திருந்தாள்.

குவாஹாட்டியில் மழை பிடித்து அடித்தது. விமானம் இடமும் வலமுமாக ஆடியபடி இறங்கி, தரையில் ஒரு போடு போட்டு நின்றது. எல்லோரும் இறங்கும்வரை சங்கரசுப்பிரமணியன் காத்திருந்து, வாசலில் நின்ற கேப்டனிடம் போனார். அவளுக்கு இவர் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கம்மா. இப்ப எறக்கினது நீங்களா, அதுவா?"

"நான்தான் சார். காத்து குறுக்க அடிச்சுது, அதனால கையாலதான் இறக்கினேன். மேல போகும்போது பெரும்பாலும் அது பாத்துக்கும். நான் அதப் பாத்துக்குவேன்."

"நீங்க எறக்கினதுதான் கொஞ்சம் டமார்னு இருந்துச்சு" என்றார் சங்கரசுப்பிரமணியன்.

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தாள். பாட்சா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அசாம் முறைப்படி ஒரு தடவை, நம் முறைப்படி ஒரு தடவை. மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கும்போது சங்கரசுப்பிரமணியன் அழுதார். அழுகைக்கு நடுவில் சம்பந்தியிடம், "எங்க பிள்ள விமானத்தையே சோதிச்சு அனுப்புதா, அடுப்புல பால் வச்சா மட்டும் கூடவே யாராவது நில்லுங்க" என்று சொன்னார். கோகிலா அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

விமானம் பயப்படுகிற அளவுக்கு இல்லை, நல்ல ஏற்பாடுதான் என்று கல்யாண வீட்டில் எல்லோரிடமும் ஒப்புக்கொண்டார். பெருந்தன்மையோடுதான் ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்புகிற நாளில், தண்டவாளத்தைச் சரிசெய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

"பாதுகாப்புதான்னு சொன்னீங்களேப்பா?" என்றாள் கோகிலா.

"பாதுகாப்புதான். எனக்குப் பிடிக்கல. ரெண்டும் வேற வேறல்லா?"

ராஜகுமாரியும் பாட்சாவும் விமானத்தில் புறப்பட்டு, ஊருக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, கடையையும் திறந்துவிட்டார்கள். சங்கரசுப்பிரமணியன் அப்போதும் ஆந்திராவைத் தாண்டவில்லை. விஜயவாடா ஸ்டேஷனில் டீ வாங்குவதற்காக மேல் பெர்த்திலிருந்து இறங்கியவர், கீழே தூங்கியவரின் செருப்பில் கால் வைத்து வழுக்கி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. சென்னையில் கட்டுப் போட்டுக்கொண்டு, கைத்தடி ஊன்றி ஒருவழியாகச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அண்ணாச்சி விமானத்தில் போனார், கட்டுப் போட்ட காலோடு வந்திருக்கிறார். கடைக்கு வந்து உட்கார்வதற்குள் தகவல் பூ மார்க்கெட்டைத் தாண்டிவிட்டது. விமானம் நடுவானத்தில் நின்றுபோனதாகவும், உள்ளேயே அமத்திப் போட்டதாகவும், இவர் குதித்ததாகவும், ஆளுக்கு ஒரு விதமாகச் சேதி. டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

சங்கரசுப்பிரமணியன் கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு விளக்கம் சொன்னார். நாலஞ்சு கம்ப்யூட்டர் ஒன்றையொன்று வேவு பார்ப்பதைச் சொன்னார். தரையில் நிற்கும்போதே நோயைச் சொல்லிவிடும் என்றார். கேப்டனம்மாவும் அதே வண்டியில்தான் வருகிறாள் என்றார். யாரும் நம்பவில்லை. ஆர்டர் கொடுக்க வந்த தறிக்காரர் சண்முகையா காலையே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் சரி அண்ணாச்சி. விழும்போது ரொம்ப உசரமோ?"

"ஏ, பிளேன் நல்ல வண்டி வே! கால ஒடிச்சது ரயிலு!" என்று சங்கரசுப்பிரமணியன் தொண்டை கிழியக் கத்தினார்.

பக்கத்துக் கடையில் சார்ஜர் விற்றுக்கொண்டிருந்த மைதீன் பாட்சா, வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு, கல்லாவின் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.